தோமஸ் எர்ஸ்கின் பிரபு சரித்திரச் சுருக்கம்

பிறர்பொருட்டு வாய்திறந்து பேசுதலையே தொழிலாகக் கொண்டோர் உலகத்தில் மிகப் பலர். பேசினால் தமக்குக் கேடு வரும் என்று அறிந்துவைத்தும் பேசினோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவராகி, இங்கிலாந்து தேசத்து நியாயஸ்தலங்களிலே 1778 ஆம் வருடம் முதல் 1806 ஆம் வருடம் வரையும் நின்று வாதித்து, ஈற்றில் லோட் சான்சலர் என்னும் உயர்ந்த பதவியையும் வகித்தவர் தோமஸ் எர்ஸ்கின் என்பவர். அவருடைய சரித்திரத்தை நம் பாடசாலை உபாத்தியாயர்கள் அறிந்திருத்தல் பயனுடைத்தென்று எண்ணி, ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுந்தோம்.

பெரியோர் சரித்திரத்தைச் சொல்லுவோர், அவர் பெரியோரானபின் செய்தவற்றையே விரித்துச் சொல்லுதல் வழக்கம். நாமோ அங்ஙனஞ் செய்யாது, அவர் பெயர் அறியப்படாத இளைய பாரிஸ்டராய்ப் பின்வரிசையில் இருந்த ஐந்து வருடத்தையே பெரிதும் எடுத்துக்கொள்வோம். ஒருவர் இன்ன தன்மையர் என்பது, கையில் யாதும் இல்லாத காலத்திலே அவர் எதனைத் துணிந்தார் என்பதனால் நன்கு விளங்கும் ஆதலின்.

பிறப்பும் இளமையும்

எர்ஸ்கின் 1750 ஆம் வருடம் ஜனவரி மாசம் 10 ஆந் தேதி ஸ்கொத்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவிலே பிறந்தார். தந்தையார் பக்கன் என்னும் பிரபு பட்டத்தைப் பத்தாவதாக வகித்தவர். குலமோ பழமையும் பெருமையும் வாய்ந்தது. வருவாயோ மிகச் சிறிது. மூத்த மைந்தருக்குப் பட்டம் உரியதாயிற்று. இரண்டாம் மைந்தராகிய ஹென்றி சட்டங் கற்று ஸ்கொத்லாந்திலே புகழ்பெற்ற நியாயவாதியானார். மூன்றாம் மைந்தராகிய தோமஸ், தாமும் கல்வித் தொழில் ஒன்றிற் புகவேண்டும் என்று ஆசைப்பட்டும், பொருள் இன்மையால் அவ்வாசை நிறைவேறவில்லை.

ஆகவே 1764 ஆம் வருடத்திலே, பதினான்கு வயசிலே, கடற்படையிற் பயிலும் சிறுவராய்க் கப்பலேறினார். நான்கு வருடங் கழித்துத் தமக்குக் கிடைத்த சிறு முதுசத்தைக் கொடுத்துத் தரைப்படையில் ஓர் உத்தியோகம் வாங்கினார். அக்காலத்திலே அங்குப் படையுத்தியோகங்கள் விலைக்கு விற்கப்பட்டன என்பதை நம் வாசகர் நினைவிற் கொள்க. 1770 ஆம் வருடத்திலே பிரான்சிஸ் மூர் என்னும் பெண்மணியை விவாகஞ் செய்து, அவருடன் மத்தியதரைக் கடலிலுள்ள மினோர்க்காத் தீவிலே தம் படையோடு இரண்டு வருடம் வசித்தார். அத்தீவிலே அலுவல் சிறிதாகவும் ஓய்வு பெரிதாகவும் இருந்தமையின், ஷேக்ஸ்பியர், மில்ரன் முதலாயினார் செய்த நூல்களை நெட்டுருவாகும்வரை இருவரும் படித்தனர். பள்ளிக்கூடம் தராத கல்வியை அவருக்கு அத்தீவே தந்தது எனலாம். பின்னாளிலே அவர் பேச்சிலே காணப்பட்ட சொல்வளம் அங்கு விதைத்து இங்கு விளைந்ததாகும். படைவீரர் படுங் குறைகளை எடுத்துக்காட்டித் தம் பெயர் இடாது ஒரு சிறு புத்தகமும் அவர் வெளியிட்டார்.

சட்டம் பயின்றமை

மனைவியும் மக்களும் உளராகி, படைச் சம்பளம் குடும்பத்துக்குப் போதாதாகி, மேற்பதவியை விலைகொடுத்து வாங்கவும் வழியில்லாதாகிய நிலையிலே, அவர் சட்டம் படிக்கத் துணிந்தார். 1775 ஆம் வருடம் இலண்டனிலுள்ள லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கழகத்திலே சேர்ந்தார். நம் நாட்டவராகிய சேர் முத்துக்குமாரசுவாமி அவர்கள் 1863 ஆம் வருடத்திலே பாரிஸ்டர் பட்டம் பெற்றதும் இக்கழகத்திலேயாம். அக்காலத்திலே பட்டம் பெறுதற்கு ஐந்து வருடம் காத்திருத்தல் வேண்டியிருந்தது. சர்வகலாசாலைப் பட்டம் உடையார்க்கு மூன்று வருடமே போதுமாயிருந்தது. அதனால் 1776 ஆம் வருடம் கேம்பிறிட்ஜிலே திரினிற்றிக் கல்லூரியிலும் பெயர் பதிந்தார்.

அம்மூன்று வருடமும் குடும்பம் பட்ட வறுமை பெரிது. உடையும் உணவும் மிக எளியனவாயின. அவ்வறுமையினிடையே வழக்குப் பத்திரம் வரையும் வித்தையை, முதலில் புல்லர் என்பவரிடத்தும் பின்னர் வூட் என்பவரிடத்தும் மாணாக்கராயிருந்து கற்றார். அக்காலத்து வழக்குப் பத்திரத்திலே ஒரு சொல் தவறினாலும் வழக்கு முழுதும் தவறும். ஆதலால் இளைய பாரிஸ்டருக்கு நாவன்மையினும் இவ்வெழுத்துவன்மையே முதற்கண் வேண்டுவதாயிற்று. புல்லர் என்னும் பெயரை நம் வாசகர் மறவாதிருக்க. அவர் மீண்டும் வருவார்.

1778 ஆம் வருடம் ஜூலை மாசத்திலே எர்ஸ்கின் பாரிஸ்டரானார். வயசு இருபத்தெட்டு. கட்சிக்காரர் பாரிஸ்டரிடம் நேரே போதல் அக்காலத்திலே அங்கு வழக்கமன்று. நம் நாட்டிலே 1973 ஆம் வருடத்துச் சட்டத்தால் ஒன்றாக்கப்படும் வரையும் அப்புக்காத்து என்றும் பிரக்கிராசி என்றும் இருவகுப்பார் இருந்தனர் அன்றோ? அதுபோலவே அங்கும் கட்சிக்காரர் அற்றோணியிடம் போவர். அற்றோணி தாம் விரும்பும் பாரிஸ்டருக்கு வழக்கைக் கொடுப்பர். அற்றோணிமாருள் உறவினரோ நண்பரோ இல்லாத இளைய பாரிஸ்டர், கறுப்பங்கியும் பொய்ம்மயிரும் தரித்து நியாயஸ்தலத்திலே வருடக்கணக்காய்ச் சும்மா இருந்து மீளுதலே பெரும்பான்மை. எர்ஸ்கினுக்கோ அவ்வாறு காத்திருக்கக் கைப்பொருள் இல்லை.

முதல் வழக்கு

கிறீனிச் என்னும் ஊரிலே கடற்படையில் உழைத்து முதிர்ந்தும் அங்கவீனரானோர்க்காக ஏற்பட்ட ஆதுலர்சாலை ஒன்று இருந்தது. மூன்றாம் வில்லியம் அரசரும் மேரி அரசியும் 1694 ஆம் வருடத்திலே அதனைத் தாபித்தனர். கப்பலிற் சேவிக்கும் ஒவ்வொருவருடைய சம்பளத்திலும் மாசந்தோறும் 6 பென்ஸ் அதன் பொருட்டு அறவிடப்பட்டது. எனவே அது பிறர் இட்ட பிச்சையன்று. கப்பற்காரர் தம் வியர்வையாற் கட்டிய வீடேயாம்.

அவ்விடத்திலே உதவித் தலைவராயிருந்தவர் தோமஸ் பெய்லி என்னும் கப்பற்றலைவர். அங்குள்ள உத்தியோகங்கள் கடலில் உழைத்தோர்க்கே உரியன என்பது பிரமாணம். கடற்படை மந்திரியாகிய சாண்ட்விச் பிரபுவோ, தேர்தல்களிலே தமக்குத் துணைசெய்த தரைவாசிகள் பலரை அவ்வுத்தியோகங்களிலே நிறைத்தார். முதியோர்க்கு இட்ட இறைச்சி தாழ்ந்தது, பியர் நீர் கலந்தது, உடையும் தக்கதன்று. பெய்லி இவற்றை மேலாளர்களிடம் பலமுறை முறையிட்டார். எவரும் செவிசாய்க்கவில்லை. ஈற்றில், 1778 ஆம் வருடத்திலே, குறைகளையெல்லாம் தொகுத்து ஒரு புத்தகமாக அச்சிட்டு, அச்சாலையின் பரிபாலகராய் நியமிக்கப்பட்டிருந்தோர்க்கு மாத்திரம் கொடுத்தார். கடைகளில் விற்கவில்லை.

உடனே அவர் வேலையினின்றும் நிறுத்தப்பட்டார். அதன்மேலும், புத்தகத்திற் குறிக்கப்பட்ட உத்தியோகத்தர் பலர் சேர்ந்து, தம்மை அவதூறு செய்தார் என்று அவர்மீது அரசன் பெயராற் குற்றஞ்சாட்ட அனுமதி வேண்டும் என்று அரசமன்றிலே விண்ணப்பித்தனர். சாண்ட்விச் பிரபுவின் பெயர் அவ்விண்ணப்பத்திலே எங்கும் இல்லை. ஏவியவர் மறைவில் நிற்க, ஏவப்பட்டவர் முன்வந்தனர் என்றே பலரும் கருதினர்.

எர்ஸ்கினுக்கு இவ்வழக்கு வந்தவாறு வியக்கத்தக்கது. ஒரு விருந்திலே, பெய்லி அங்கிருப்பதை அறியாது, இவ்வநியாயத்தைக் குறித்து அவர் கொதித்துப் பேசினார் என்றும், அதனைக் கேட்ட பெய்லி மறுநாளே தம் வழக்கை அனுப்பினார் என்றும் சொல்லுவர். எவ்வாறாயினும், பெய்லிக்காக ஏற்பட்ட ஐந்து பாரிஸ்டருள் எர்ஸ்கினே கடைசியானவர், ஒருநாளும் வாதித்தறியாதவர். ஐவரும் கூடி ஆலோசித்தபோது, செலவை ஒப்புக்கொண்டு சமாதானமாய்ப் போதலே தகும் என்று மூத்தோர் கருதினர். எர்ஸ்கின் ஒருவரே உடன்படாது நின்றார். பெய்லி அவரைத் தழுவிக்கொண்டார் என்பர்.

1778 ஆம் வருடம் நவம்பர் மாசத்திலே, பிரதம நியாயாதிபதி மான்ஸ்பீல்ட் பிரபு முன்னிலையில் வழக்கு வந்தது. மூத்தோர் நால்வரும் சத்தியக்கடதாசிகளைப் படித்தும் வாதித்தும் முடிக்கப் பொழுது சாய்ந்தது. மன்று கலைந்தது. அதனால் எர்ஸ்கின் மறுநாட் காலையிலே, கேட்போர் சோர்வு நீங்கியிருந்த வேளையிலே எழுந்தார். அவர் எடுத்துக்காட்டிய நியாயம் எளிது. பெய்லி அச்சாலையின் உத்தியோகத்தர். அங்குக் குறை கண்டால் முறையிடுதல் அவர் கடமை. அவர் முறையிட்டதும் தெருவாரிடத்தன்று. கேட்டுத் திருத்தக் கடமைப்பட்டவரிடத்தே. கடமையைச் செய்தவனைக் குற்றவாளியென்றால், கண்டும் காணாதிருந்தவனே நல்லவன் என்றாகும்.

இவ்வளவில் நின்றிருப்பின் அது நல்ல வாதம் என்ற பெயரோடு போயிருக்கும். எர்ஸ்கினோ மேலுஞ் சென்று, மறைவில் நின்ற சாண்ட்விச் பிரபுவைப் பெயர் சொல்லியே சுட்டினார். அப்பிரபு மன்றின்முன் கட்சிக்காரராய் இல்லையென்று மான்ஸ்பீல்ட் பிரபு தடுத்தார். அப்பொழுது அவர் அஞ்சாது, இல்லாத அவரைத் தாமே மன்றின்முன் கொண்டுவருவதாகக் கூறி, முதியோர்க்கு நேர்ந்த கேட்டின் மூலம் அவரே என்று விரித்துரைத்தார். பிரதம நியாயாதிபதியோ தேசமெங்கும் மதிக்கப்பட்டவர், சுட்டப்பட்டவரோ மந்திரி, பேசியவரோ அன்றுதான் முதன்முறை வாய்திறந்த வறியர். மன்று திகைத்தது.

முடிவிலே, விண்ணப்பம் செலவோடு தள்ளப்பட்டது. எர்ஸ்கின் வெளியே வரும்போதே அற்றோணிமார் பலர் வழக்குக் கட்டுகளோடு அவரைச் சூழ்ந்தனராம். இத்துணிவு யாங்ஙனம் வந்தது என்று பின்னர் வினாவியவர்க்கு, தம் சிறு மக்கள் அங்கியைப் பிடித்திழுத்து உணவு கேட்பதுபோலத் தமக்குத் தோன்றியது என்று அவர் விடையிறுத்ததாகக் கூறுவர். இவ்விடையை நாம் சிறிது ஆராய்தல் வேண்டும். பசி பலரை அடக்கும், வாயை மூடுவிக்கும். அதே பசி இவரைப் பேசுவித்தது. பசியன்று, பசியுற்றவர் எதனை நம்பினார் என்பதே காரணமாம்.

ஆயினும் உண்மையை மறைத்தல் ஆகாது. பெய்லி தண்டனைக்குத் தப்பினாரேயன்றி, இழந்த வேலையைத் திரும்பப் பெற்றிலர். மந்திரிசபை மாறிய 1782 ஆம் வருடத்திலேதான் அவருக்கு வேறோர் உத்தியோகம் கிடைத்தது. குற்றமற்றவன் என்று தீர்ப்புப் பெறுதல் ஒன்று. வேலையைத் திரும்பப் பெறுதல் மற்றொன்று. முன்னதற்கு அன்று சட்டம் இருந்தது, பின்னதற்கு இல்லை. வேலைத்தலத்து முறைகேட்டை உண்மையாய் வெளிப்படுத்தும் ஊழியரை அதன்பொருட்டு வேலைநீக்கலாகாது என்று அத்தேசத்துப் பாராளுமன்றம் தெளிவாய் விதித்தது 1998 ஆம் வருடத்திலேயாம். பெய்லி வேலை இழந்த நாள்முதல் இடையிற் சென்றவை 220 வருடம்.

கெப்பல் வழக்கு

அடுத்த வழக்கும் உத்தியோகம் பற்றியதே. 1778 ஆம் வருடம் ஜூலை மாசத்திலே பிரெஞ்சுக் கப்பற்படையோடு நிகழ்ந்த போரிலே வெற்றி தோல்வி தெளிவாகவில்லை. தலைவராயிருந்த கெப்பல் என்பவர் கடமையிற் றவறினார் என்று, அவர்க்குக் கீழிருந்த பலிசர் என்பவர் குற்றஞ்சாட்டினார். 1779 ஆம் வருடம் ஜனவரி மாசத்திலே போட்ஸ்மத் நகரிலே படைமன்று கூடியது.

அக்காலத்துப் படைமன்றிலே பாரிஸ்டர் எழுந்து வாதித்தல் ஆகாது. குற்றஞ்சாட்டப்பட்டவரே சாட்சிகளை வினாவவும், தம் சமாதானத்தைத் தாமே வாசிக்கவும் வேண்டும். ஆதலின் எர்ஸ்கின் அருகிலிருந்து வினாக்களை எழுதிக்கொடுத்தும், கெப்பல் வாசிக்கவேண்டிய சமாதானத்தை வகுத்துக்கொடுத்தும் உதவினார். சிறுவயசிற் கப்பலிலே கற்ற கற்றல் அப்பொழுது பயன்பட்டது. பாய், காற்று, அணிவகுப்பு என்பவற்றின் பெயரே அறியாத வேறு பாரிஸ்டர் இதனைச் செய்தல் அரிது. பெப்ரவரி மாசத்திலே கெப்பல் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். அவர் நன்றியறிந்து 1,000 பவுண் அனுப்பினார். முதல் வழக்கிலே நாவினாற் பெற்ற வெற்றியை இவ்வழக்கிலே நாவடக்கி எழுத்தாணியாற் பெற்றார் எனலாம். தம் குரல் கேட்கப்படாத இடத்தும் முழுவன்மையோடு உழைத்தல் இளைஞர்க்கு எளிதன்று.

பஞ்சாங்க வழக்கு

மூன்றாவது வழக்கு வியாபாரம் பற்றியது. வருடந்தோறும் வெளிவரும் பஞ்சாங்கங்களை அச்சிடும் உரிமை, முதலாம் ஜேம்ஸ் அரசர் அளித்த சாசனத்தின்படி, இலண்டனிலுள்ள ஸ்ரேஷனர்ஸ் கம்பனியாருக்கும் இரண்டு சர்வகலாசாலைகளுக்குமே உரியதாயிருந்தது. கார்னன் என்னும் புத்தக வியாபாரி, அரசர்க்கு அவ்வாறு அளிக்க அதிகாரம் இல்லையென்று துணிந்து, தாமும் பஞ்சாங்கம் அச்சிட்டு விற்றார். வழக்கு நடந்தது. 1775 ஆம் வருடத்திலே நியாயாதிபதிகள் கார்னன் பக்கமே தீர்த்தனர்.

தீர்ப்பினால் இழந்ததைச் சட்டத்தினாற் பெறலாம் என்று எதிர்ப்பக்கத்தார் முயன்றனர். முதன்மந்திரியாகிய நோர்த் பிரபு, ஒக்ஸ்போட் சர்வகலாசாலையின் தலைவருமாயிருந்தவர். அவர் அத்தனியுரிமையை மீளக் கொடுக்கும் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். 1779 ஆம் வருடம் மே மாசத்திலே, கார்னனுக்காகப் பிரதிநிதிகள் சபையின் வாயிலிலே நின்று பேசும்படி எர்ஸ்கின் அமர்த்தப்பட்டார். பாரிஸ்டராகி அப்பொழுது ஒரு வருடமும் நிரம்பவில்லை.

தவறில்லாத பஞ்சாங்கம் சனங்களுக்கு வேண்டும். ஆகையால் ஒருசாராரே அச்சிடல் வேண்டும் என்பது எதிர்ப்பக்கத்தார் சொன்ன காரணம். எர்ஸ்கின் அக்கம்பனியார் அச்சிட்ட பஞ்சாங்கங்களையே கையிலெடுத்து, அவற்றிலுள்ள பிழைகளையும் இழிசொற்களையும் காட்டி, தனியுரிமை பிழையை நீக்குவதன்று, பிழையைத் திருத்தவேண்டிய அவசியத்தையே நீக்குவது என்று விளக்கினார். மசோதா தள்ளப்பட்டது. முதன்மந்திரி கொணர்ந்த மசோதாவையே எதிர்த்து, ஒரு புத்தகக் கடைக்காரர் வென்றார்.

நம் நாட்டிலே வாக்கிய பஞ்சாங்கம் என்றும் திருக்கணித பஞ்சாங்கம் என்றும் இரண்டு வழங்குகின்றன. ஒன்றோடொன்று மாறுபடும்போது நாம் வாதாடுகின்றோம், கணித்தோரை வினாவுகின்றோம். ஒருவரைத் தவிர வேறெவரும் பஞ்சாங்கம் வெளியிடலாகாது என்று சட்டம் இருக்குமாயின், வினாவுதற்கே இடம் இராதன்றோ? இவ்வுவமையாலே அவ்வழக்கின் சாரத்தை மாணாக்கர்க்கும் எளிதில் விளக்கலாம்.

இக்காலத்திலே மான்ஸ்பீல்ட் பிரபு வியாபாரச் சட்டத்தை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார் என்பதும் அறியத்தக்கது. உண்டியல், கப்பற் காப்புறுதி என்பவற்றிலே வியாபாரிகளின் வழக்கங்கள் பலவாறாயிருந்தன. அவர் இலண்டன் வியாபாரிகளையே யூரிமாராய்த் தெரிந்து இருத்தி, அவர் வாயிலாக வழக்கத்தை அறிந்து, அறிந்ததை எல்லாரும் பின்பற்றத்தக்க விதியாக்கினார். தம்முன்னே அஞ்சாது பேசிய இளைஞரை அவர் வெறுக்கவும் இல்லை. பின்னாளிலே உயர்த்தியவருள் அவரும் ஒருவர்.

சென்னப்பட்டினத்துச் சபையார் வழக்கு

தமிழ்நாட்டோடு தொடர்புடைய வழக்கொன்றும் அவர்க்கு வந்தது. தஞ்சாவூர் இராச்சியத்தை அதன் அரசர்க்கு மீளக் கொடுத்த பிகட் பிரபு என்னும் சென்னைத் தேசாதிபதியை, ஆலோசனைச் சபையார் சிலர் 1776 ஆம் வருடத்திலே சிறைப்படுத்தினர். அடுத்த வருடம் அவர் காவலிலேயே இறந்தார். ஸ்ராற்றன் முதலிய நால்வர் இங்கிலாந்திலே விசாரிக்கப்பட்டுக் குற்றவாளிகள் என்று தீர்க்கப்பட்டனர். தண்டனையைக் குறைக்கும்படி 1780 ஆம் வருடத்திலே அவர்க்காகப் பேசியவருள் எர்ஸ்கினும் ஒருவர். ஒவ்வொருவர்க்கும் 1,000 பவுண் குற்றப்பணம் விதிக்கப்பட்டது; சிறை விதிக்கப்படவில்லை.

மேலதிகாரியால் ஒடுக்கப்பட்ட பெய்லிக்காகப் பேசியவர், மேலதிகாரியை ஒடுக்கியவர்க்காகப் பேசியது தகுமா என்று நம் வாசகர் சிலர் ஐயுறுவர். ஐயம் நியாயமானதே. பாரிஸ்டர் தொழிலின் தருமம் இங்கே தான் அறியப்படும். தாம் விரும்புவார்க்கே பேசுவேன் என்று பாரிஸ்டர் ஒருவர் தெரிந்தெடுப்பாராயின், அவர் பேச மறுத்தவர் விசாரணைக்கு முன்னரே குற்றவாளி ஆகிவிடுவர். தீர்ப்பு நியாயாதிபதியின் கடன். எடுத்துரைத்தல் பாரிஸ்டரின் கடன். இத்தருமத்துக்காக எர்ஸ்கின் பின்னர்ப் பெருவிலை கொடுத்தார் என்பதைக் கீழே காண்போம்.

1781 ஆம் வருடம், இலண்டனிலே நிகழ்ந்த பெருங்கலகத்தின் பொருட்டு இராசத்துரோகக் குற்றஞ் சாட்டப்பட்ட ஜோர்ஜ் கோர்டன் பிரபுவுக்காகவும் அவர் இளைய பாரிஸ்டராயே வாதித்து விடுதலை பெற்றுக்கொடுத்தார். 1783 ஆம் வருடத்திலே அரசரின் நியாயவாதியாகிப் பட்டங்கி தரித்தார். இளமைப் பருவம் அவ்வளவில் முடிந்தது. போட்ஸ்மத் நகரின் பிரதிநிதியாய்ப் பாராளுமன்றத்திற் புகுந்ததும் அவ்வருடத்திலேயாம். அங்கு அவர் பேச்சு மன்றிற் சிறந்ததுபோலச் சிறக்கவில்லை.

ஆசிரியரும் மாணாக்கரும்

1784 ஆம் வருடம் ஷ்றூஸ்பெரி நகரிலே நிகழ்ந்தது உபாத்தியாயர்கள் அறியவேண்டியது. ஷிப்லி என்னும் குருவானவர், தம் மைத்துனரும் வடமொழிப் புலமையால் நம் தேசத்தவர்க்கு நன்கறியப்பட்டவருமாகிய சேர் வில்லியம் ஜோன்ஸ் எழுதிய அரசியற் சம்பாஷணை ஒன்றை அச்சிட்டார் என்று குற்றஞ்சாட்டப்பட்டார். விசாரித்த நியாயாதிபதி புல்லர். எர்ஸ்கினுக்கு வழக்குப் பத்திரம் வரையக் கற்பித்த அவரே.

அச்சிட்டாரா என்பதை மாத்திரமே யூரிமார் தீர்க்கலாம். அச்சிட்டது குற்றமா என்பது நியாயாதிபதிகளுக்கே உரியது என்பது அக்கால வழக்கம். யூரிமாரோ, அச்சிட்டமை மாத்திரமே உண்மை என்று தீர்ப்புச் சொன்னார்கள். மாத்திரம் என்ற சொல்லை விட்டுத் தீர்ப்பைப் பதிய புல்லர் முயல, அச்சொல்லும் பதியப்படல் வேண்டும் என்று எர்ஸ்கின் வற்புறுத்தினார். அமரும்படி ஆசிரியர் அதட்டியும், தம் கடமையைத் தாம் அறிவதாகச் சொல்லி மாணாக்கர் அமராது நின்றார். வணக்கம் தவறவில்லை, வழியும் தவறவில்லை. புல்லரும் அவரைத் தண்டித்திலர். ஈற்றில், குற்றப்பத்திரத்திலுள்ள பிழையாலே ஷிப்லி தண்டனைக்குத் தப்பினார். 1792 ஆம் வருடத்துச் சட்டம், அச்சிட்டது குற்றமா என்பதையும் யூரிமாரே தீர்க்கலாம் என்று விதித்தது.

அவ்வருடமே தோமஸ் பெயின் என்பவர், மனிதருடைய உரிமைகளைப் பற்றி எழுதிய நூலின் பொருட்டுக் குற்றஞ்சாட்டப்பட்டார். எர்ஸ்கின் அப்பொழுது இளவரசருக்குத் தலைமை நியாயவாதியாயிருந்தார். வழக்கை விடும்படி பலரும் புத்தி கூறினர். அவர் விடவில்லை. பெயின் குற்றவாளி என்றே தீர்க்கப்பட்டார். எர்ஸ்கின் இளவரசரிடத்து வகித்த பதவியை இழந்தார். வழக்கும் போயிற்று, பதவியும் போயிற்று. எனினும் பாரிஸ்டர் தொழிலின் தருமம் நிலைத்தது.

1794 ஆம் வருடத்திலே, பாராளுமன்றத் தேர்தல் முறையைத் திருத்தும்படி சங்கங் கூட்டிய தோமஸ் ஹார்டி என்னும் சப்பாத்துத் தொழிலாளர் இராசத்துரோகி என்று விசாரிக்கப்பட்டார். தோற்றால் உயிர் போகும். எட்டு நாள் நிகழ்ந்த விசாரணையின்பின் நவம்பர் மாசம் 5 ஆந் தேதி அவர் விடுவிக்கப்பட்டார். சனங்கள் எர்ஸ்கினுடைய வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே வண்டியை இழுத்துச் சென்றனர்.

பிற்காலம்

1806 ஆம் வருடத்திலே லோட் சான்சலராகிப் பிரபு பட்டமும் பெற்றார். அப்பதவிக்குரிய சட்டப்பகுதியிலே அவர்க்குப் பயிற்சி இல்லை. ஏறக்குறைய ஒரு வருடத்தில் மந்திரிசபையோடு பதவியும் போயிற்று. தம்மைத் தாமே புகழும் குற்றமும் அவரிடத்து உண்டு. பகைவர் அதனைச் சொல்லி நகைப்பர். ஈட்டிய பெருஞ்செல்வத்தைக் காக்கவும் அறிந்திலர். முதுமையிலே மீண்டும் வறுமையுற்றார்.

நம்மவர் சிறப்பாய் நினைக்கத்தக்கது ஒன்று. 1809 ஆம் வருடத்திலே, வாயில்லாச் சீவன்களைக் கொடுமை செய்வோரைத் தண்டிக்கும் மசோதா ஒன்றைப் பிரபுக்கள் சபையிலே அவர் கொணர்ந்தார். அச்சபை ஏற்றது, மற்றச் சபை தள்ளியது. 1822 ஆம் வருடத்திலே மார்ட்டின் என்பவர் முயற்சியால் மாடு, குதிரை முதலியவற்றைக் காக்கும் சட்டம் நிறைவேறியதை அவர் உயிரோடிருந்து கண்டார். பேச வாயில்லாதார்க்காகப் பேசுதல் என்னும் தொழிலை அவர் அதன் எல்லைமட்டும் கொண்டுசென்றார்.

அடுத்த வருடம் கடல்வழியாய் எடின்பரோவுக்குப் போகும்போது நோயுற்று, 1823 ஆம் வருடம் நவம்பர் மாசம் 17 ஆந் தேதி, தம் தமையனார் ஹென்றியின் வீடிருந்த அல்மொண்டெல் என்னுமிடத்திலே தேகவியோகமானார். வயசு எழுபத்துமூன்று.

உபாத்தியாயர்களே, நம் பாடசாலைகளிலே பிரசங்கப் போட்டிகளும் விவாதங்களும் நிகழ்கின்றன. குரலையும் சொல்லடுக்கையும் கைவீச்சையும் நோக்கிப் பரிசளிக்கின்றோம். அவற்றோடு, பேசும் பிள்ளை தான் எடுத்த விஷயத்தை முழுதும் ஆராய்ந்ததா, எதிர்ப்பக்கத்தின் நியாயத்தையும் அறிந்ததா, தனக்கு நயமில்லாத உண்மையைச் சொல்லத் துணிந்ததா என்பவற்றையும் நோக்குதல் வேண்டும். கிறீனிச்சிலிருந்த அங்கவீனரான கிழக் கப்பற்காரர்களுக்கு வேண்டியது இனிய குரலன்று. பாத்திரத்தில் இடப்படும் இறைச்சி எத்தன்மையது என்று விசாரித்தறிந்து, அதனை இட்டவர் இன்னார் என்று சொல்லும் ஒரு வாயேயாம். அவ்வித வாய் ஒன்று நம் வகுப்பின் கடைசி வாங்கிலும் இருக்கக்கூடும் என்று நினைந்து கற்பிப்போமாக.